விழுந்த சொல்

இங்கிலீஷில் 'சீட்' என்றொரு சொல். தேர்தல் காலத்தில் கட்சி வாசலில் காத்துக் கிடந்து வாங்குகிற சீட் அல்ல. ஏமாற்றுவதைக் குறிக்கிற சீட். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது தற்செயல். 'சீட்டிங் கேஸ்' என்றால் நம் ஊரில் கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பவர்கள் இந்தச் சொல் வந்தால் 'ஏமாற்று' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், ஷேக்ஸ்பியரின் ஒரு காட்சியில் இடறும் வரை.

'நான்காம் ஹென்றி'யின் இரண்டாம் பாகத்தில் ஒரு மதுக்கடை. கடையை நடத்துகிற க்விக்லி, பிஸ்டல் என்ற சண்டியரை உள்ளே விட மறுக்கிறாள். ஃபால்ஸ்டாஃப் அவளைச் சமாதானப்படுத்துகிறான்: அவன் சண்டியர் இல்லை, வெறும் 'சீட்டர்', சாது. உடனே அவள் இறங்கி வருகிறாள். யோக்கியனுக்கும் 'சீட்டரு'க்கும் தன் வீட்டுக் கதவு அடைபடாது என்கிறாள். இங்கே 'ஏமாற்றுக்காரன்' என்று போட்டால் காட்சி பொருளற்றுப் போகிறது. ஏமாற்றுக்காரனுக்கு எதற்காகக் கதவைத் திறக்க வேண்டும்? ஃபால்ஸ்டாஃப் சொன்னது சூதாட்டப் பித்தலாட்டக்காரனை. அவள் காதில் விழுந்தது ராஜாங்க உத்தியோகஸ்தனின் பதவிப் பெயர். 'எஸ்சீட்டர்' என்ற அதிகாரியைப் பொதுஜனம் முதல் அசையை உதிர்த்துச் 'சீட்டர்' என்றே அழைத்தது. லண்டன் நாடகக் கொட்டகையில் 1600ஐ ஒட்டிய வருஷங்களில் இதற்குச் சிரித்தவர்களுக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்றும் தெரிந்திருக்கும். அவர்கள் சிரித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஃபால்ஸ்டாஃப் இன்னொரு நாடகத்தில், விண்ட்ஸரின் இரண்டு பணக்கார மனைவிகளைக் குறிவைக்கும்போது, தன்னையே அவர்களுக்குச் 'சீட்டர்' என்றும் அவர்களைத் தன் கஜானா என்றும் வர்ணித்துக்கொள்கிறான். இந்த முறை தெரிந்தே ஆடுகிற சிலேடை.

1

எஸ்சீட் என்ற சட்டச் சொல்லில் ஏமாற்று எதுவும் கிடையாது. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் 'காதெரே' என்ற லத்தீன் வினை. பொருள், விழுதல். நிலமானிய முறையில் நிலத்தைப் பயன்படுத்துகிறவன் அதற்கு உடையவன் அல்ல; மேலே இருக்கிற பிரபுவிடமிருந்து, கடைசியில் அரசனிடமிருந்து, பெற்று அனுபவிக்கிறவன். அவன் வாரிசில்லாமல் செத்தாலோ, பெருங்குற்றம் செய்து தண்டனை பெற்றாலோ, நிலம் வந்த வழியே திரும்பி 'விழும்'. நமக்கும் இந்தப் பிரயோகம் அந்நியமல்ல. பரிசு விழுகிறது, லாட்டரி விழுகிறது. கேட்காமல் வருவது, மேலிருந்து வருவது, விழுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கிலாந்தில் அது மேல்நோக்கி விழுந்தது.

1215இன் மாக்னா கார்ட்டாவிலேயே எஸ்சீட் பற்றி ஒரு விதி இருக்கிறது. பிரபுவின் நிலம் அரசன் கைக்கு விழுந்துவிட்டால், அதற்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களின் வாரிசுகள் பிரபுவுக்குக் கொடுத்திருக்கக்கூடியதைத்தான் கொடுக்க வேண்டும், அதற்குமேல் அரசன் கேட்கக்கூடாது என்பது விதி. கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அதிலிருந்தே தெரிகிறது. அதே நூற்றாண்டில் இதற்கென்று எஸ்சீட்டர் என்ற தனி அதிகாரி வருகிறார். அரசனிடம் நேரடியாக நிலம் பெற்றவன் இறந்தால் எஸ்சீட்டர் அந்த நிலத்தை அரசன் பெயரில் கைப்பற்றிக்கொள்வார். ஊர்க்காரர்களைச் சத்தியம் செய்வித்து உட்கார வைத்துக் கேட்பார்: எவ்வளவு நிலம்? என்ன பெறும்? வாரிசு யார்? வயது என்ன? பதில்கள் தோல்சுருளில் எழுதப்பட்டு மேலே போகும். வாரிசு சிறுவன் என்றால் அவன் நிலம், அவன் உடம்பு, அவன் கல்யாணம் எல்லாமே வயது வரும்வரை அரசன் கையில். அரசன் அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கலாம், விற்றான்.

இந்த ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. நிலம் முதலில் போய்விடுகிறது, பிறகுதான் கேள்வி. செத்தவன் வீட்டார், ஏற்கனவே அரசன் பிடியில் இருக்கிற நிலத்துக்கு, அரசனுடைய கோர்ட்டில் போய், அரசனுக்கு எதிராக நிரூபிக்க வேண்டும். இடையில் இருப்பது எஸ்சீட்டர் எழுதிய ஒரு தோல்சுருள். 1340இல் ஒரு சட்டம், எந்த எஸ்சீட்டரும் ஓராண்டுக்குமேல் அந்தப் பதவியில் இருக்கக்கூடாது என்றது. ஒரு பதவிக்கு ஓராண்டு வரம்பு போடுகிறார்கள் என்றால், அந்த ஆள் இரண்டாம் ஆண்டில் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

ஏழாம் ஹென்றியின் காலத்தில் இது உச்சத்தை எட்டியது. எம்ப்ஸன், டட்லி என்ற இரண்டு மந்திரிகள், அரசனுக்குச் சேர வேண்டியதாக எதையெல்லாம் காட்ட முடியுமோ அதையெல்லாம் காகிதத்தில் காட்டிப் பிடுங்கினார்கள். 1509இல் அரசன் செத்தான். மகன் எட்டாம் ஹென்றி, ஜனங்களைக் குளிர்விக்க, 1510இல் இருவர் தலையையும் வாங்கினான். அவனுடைய முதல் பார்லிமென்டு எஸ்சீட்டர்களின் பொய் அறிக்கைகளுக்கு எதிராக ஒரு சட்டமும் போட்டது. இருவரும் பிடுங்கிச் சேர்த்த கஜானாவை மகன் அனுபவித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் சொல் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1440ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ஓர் இங்கிலீஷ்–லத்தீன் அகராதியில், முதல் அசை உதிர்ந்த வடிவம், அரசுக்குப் பறிமுதல் செய்வது என்ற பொருளில் பதிவாகியிருக்கிறது. அடுத்த நூற்றைம்பது வருஷங்களுக்குள் அதே வடிவத்துக்கு ஏமாற்று என்ற பொருள் நிலைத்துவிட்டது. எந்தப் பண்டிதரும் இதைச் செய்யவில்லை. அரசன் ஆணையிட்டும் இது நடக்கவில்லை. ஆணையிட்டிருந்தால் வேறுவிதமாகத்தான் இருந்திருக்கும்.

2

நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் கதை சுலபமாகிவிடும். சுலபமான கதை நமக்கு வேண்டாம்.

1552இல் பகடையாட்டப் பித்தலாட்டங்களை அம்பலப்படுத்தும் ஒரு சிறு பிரசுரம் லண்டனில் வந்தது. காய்களில் ஈயம் வார்த்தும், ஓரம் தேய்த்தும், ஊருக்குப் புதியவனை ஆட்டத்தில் இழுத்துவிட்டு உரிக்கிறவர்கள், தங்கள் தொழிலுக்கு வைத்திருந்த பெயர் 'சீட்டிங் லா'. லா என்றால் சட்டமேதான். ஏன் அந்தப் பெயர் என்பதற்கும் அந்தப் பிரசுரமே விளக்கம் தருகிறது. வக்கீல்களிடம் கடன் வாங்கியது. ஊர் மன்றம் கூடும்போது, வழிதப்பி வந்த மாடு, சொந்தக்காரன் தெரியாத சாமான் முதலியவை பிரபுவுக்குப் போய்ச் சேருமே, அவற்றுக்கு வக்கீல்கள் சொல்கிற பெயர் சீட். 1591இல் ராபர்ட் கிரீன் இந்தப் பட்டியலை விரிக்கிறார். வழிப்பறி ஒரு சட்டம், குதிரைத் திருட்டு ஒரு சட்டம், முடிச்சவிழ்ப்பு ஒரு சட்டம். திருட்டின் ஒவ்வொரு கிளையும் அவர்கள் வாயில் ஒரு சட்டம்.

இதைத் திருடர்களின் நையாண்டி என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பிறர் பொருளை எடுக்கிற இரண்டு வகையை அவர்கள் பார்த்திருந்தார்கள். முத்திரையோடு எடுப்பதற்குச் சட்டம் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தங்கள் வகைக்கும் வைத்துக்கொண்டார்கள். கௌரவம் தேடித்தான் இரவல் வாங்கினார்கள். ஆனால் பெயர் கைமாறியபோது கௌரவம் கூடவே வரவில்லை. மாறாக, திருடனின் நாற்றம் போய்ச் சட்டச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. க்விக்லியின் கதவு திறப்பது இந்தக் கைமாற்றத்தின் சரியான நடுப்புள்ளியில்.

1567இல் தாமஸ் ஹார்மன் நாடோடிகளின் பரிபாஷையைத் தொகுத்துத் தந்தார். அதில் 'சீட்' என்றால் வெறுமனே 'பொருள்', 'சாமான்'. பன்றி, உறுமும் சீட். கோழி, கொக்கரிக்கும் சீட். மூக்கு, மோக்கும் சீட். தூக்குமரத்துக்கும் ஒரு சீட். இந்தச் சீட்டும் அந்தச் சீட்டும் ஒன்றேதானா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஒன்றாக இருந்தால், எதையும் விலை கொடுத்து வாங்கியறியாத ஒருவனுக்கு உலகத்துப் பொருள் எல்லாமே தன்மேல் வந்து விழுந்தது என்றாகிறது. கடைசியில் விழுவது தூக்குமரம். தூக்கிலிடப்பட்டவனுக்கு நிலம் என்று ஏதாவது இருந்திருந்தால், அது எஸ்சீட்டாகப் பிரபுவுக்கு விழும். 1870வரை இங்கிலீஷ்ச் சட்டத்தில் இதற்கு இடமிருந்தது.

1660இல் பழைய நிலமானியப் பாத்தியதைகளைப் பார்லிமென்டு ஒழித்தது. எஸ்சீட்டருக்கு அதற்குப் பிறகு செய்ய வேலையில்லை. ஆபீஸ் போனது, ஆபீஸின் பெயர் வசவாக நிலைத்தது.

3

சொல்லின் உறவுகளைப் பார்ப்போம். 'விழு' என்ற அதே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை: சான்ஸ், கேஸ், ஆக்ஸிடென்ட், கேடன்ஸ். நம் கோர்ட் வராந்தாவில் 'சீட்டிங் கேஸ்' என்று சொல்லும்போது ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. கேடன்ஸ் என்பது வரியின் முடிவில் குரல் விழுகிற விதம், கவிதையின் நடை. கவிதையும் ஏமாற்றும் உடன்பிறப்புகள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிளேட்டோவுக்குச் சௌகரியமாக இருக்கலாம். நமக்கு வேண்டாம்.

பிறகு இந்தச் சொல் பல திசையில் போனது. கோதுமை வயலில் கோதுமைபோலவே முளைத்து ஏய்க்கும் ஒரு களைக்குப் பெயரானது. கோதுமையே கெட்டு அப்படி ஆகிவிடுகிறதென்று குடியானவர்கள் நம்பினார்கள். சாவை ஏமாற்றித் தப்பினான் என்று சொல்வதற்குப் பயன்பட்டது. பரீட்சை ஹாலுக்குள் போனது. இருபதாம் நூற்றாண்டில் கணவன் மனைவிக்கு இடையிலான துரோகம் அதன் முக்கியமான அர்த்தங்களில் ஒன்றாயிற்று. இன்று கம்ப்யூட்டர் விளையாட்டில் தடைகளைத் தாண்டிக் குதிக்க ஒரு சீட் இருக்கிறது. உடம்பு இளைக்கப் பட்டினி கிடப்பவர்கள் வாரத்தில் ஒரு நாள் நன்றாகச் சாப்பிடுவதற்கும் அதே பெயர். அங்கே ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒருவனே, நஷ்டம் யாருக்குமில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவன் வயிற்றெரிச்சலில் பிறந்த சொல் இப்படி லேசாகிப்போனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பாதையில் ஒரு திசை தெரிகிறது. முதலில் அரசு, பிறகு கூட்டம் சேர்த்த திருடர்கள், பிறகு தனிமனிதன், பிறகு தன் வயிறு. குற்றம் வரவரச் சின்னதாகிக்கொண்டே வருகிறது.

4

எஸ்சீட் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. வாரிசில்லாச் சொத்து அரசனுக்கு என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. மனு, வேறு யாரும் இல்லாவிட்டால் அரசன் எடுத்துக்கொள்ளலாம், பிராமணன் சொத்தை மட்டும் எடுக்கக்கூடாது என்கிறார்; எழுதியது யார் என்று கேட்க வேண்டாத விதி. காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆறாவது அங்கத்தில், கப்பல் கவிழ்ந்து செத்த தனமித்ரன் என்ற வணிகனின் பெருஞ்சொத்து பிள்ளையில்லாததால் அரசனுக்குச் சேர்கிறது என்று மந்திரி எழுதி அனுப்புகிறார். துஷ்யந்தன் கேட்கிற முதல் கேள்வி, அவன் மனைவியரில் யாராவது கர்ப்பமாக இருக்கிறாளா என்று விசாரித்தீர்களா என்பது. ஒருத்தி இருக்கிறாள். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே சொத்து என்று உத்தரவாகிறது. எஸ்சீட்டரின் கேள்வியும் வாரிசு யார் என்பதுதான். ஆனால் நிலத்தைக் கைப்பற்றிய பிறகு கேட்பதற்கும் முன்னால் கேட்பதற்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது.

டல்ஹௌஸி, முன்னால் கேட்கிற ஜாதி அல்ல. 1848இல் சதாரா, 1854இல் ஜான்சியும் நாகபுரியும். பிள்ளையில்லாத ராஜாவின் சுவீகாரத்தைக் கம்பெனி ஏற்காது, ராஜ்யம் கம்பெனிக்கு. இதற்கு வைத்த பெயர் 'லாப்ஸ்'. அந்தச் சொல்லுக்கு லத்தீனில் பொருள் வழுக்கி விழுதல். கையிலிருந்து நழுவியது என்கிறார்கள். கையைத் தட்டிவிட்டது யார் என்பது சொல்லில் இல்லை.

1855இல் தஞ்சாவூரின் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ பட்டத்தை ரத்து செய்ததோடு நிற்காமல் அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய் மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து ஜெயித்தார். 1859இல் லண்டனில் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. அது சொன்ன காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கம்பெனி ஒரு சட்ட உரிமையைச் சொல்லிக்கொண்டு எடுத்திருந்தால், அந்த உரிமை உண்டா இல்லையா என்று கோர்ட் விசாரிக்கலாம். ஆனால் எடுத்தது ராஜாங்கக் காரியமாக, பலத்தால். அது நியாயமா அநியாயமா என்று சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை. அதாவது, சட்டத்தைச் சாட்டாகச் சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார்கள். சாட்டே சொல்லாததால் தப்பினார்கள். எஸ்சீட்டராவது ஊராரைக் கூப்பிட்டு ஒரு பொய் எழுத வேண்டியிருந்தது. இங்கே பொய்யே தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம், 1860இல், இரண்டு காரியங்கள் நடந்தன. மசூலிப்பட்டணம் கலெக்டர் கட்சிக்காரராக இருந்த வழக்கில் பிரிவி கவுன்சில், வாரிசற்ற சொத்து, பிராமணனுடையதாக இருந்தாலும், எஸ்சீட்டாக அரசுக்கே சேரும் என்று தீர்மானித்தது. மனுவின் விலக்கு தள்ளுபடியாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் இந்தியன் பீனல் கோடு நிறைவேறியது. அதன் 415ஆவது பிரிவு 'சீட்டிங்' என்றால் என்ன என்று வரையறுக்கிறது. 420ஆவது பிரிவு தண்டிக்கிறது. எஸ்சீட்டும் சீட்டும், தாத்தாவும் பேரனும், ஒரே வருஷத்தில், ஒரே அரசின் காகிதங்களில். ஒன்று அரசின் உரிமை. மற்றது பிரஜையின் குற்றம். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

415ஆவது பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் தரப்பட்டிருக்கின்றன. முதல் உதாரணம்: ஒருவன் தான் சிவில் சர்வீஸில் இருப்பதாகப் பொய் சொல்லி, கடைக்காரனை நம்ப வைத்து, கடனுக்குச் சரக்கு வாங்கிக்கொண்டு கொடுக்காமல் போகிறான். இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இங்கிலாந்தில் அந்தச் சொல் பிறந்தது நிஜமான அதிகாரியிடமிருந்து. இங்கே சட்டத்துக்குத் தோன்றிய முதல் ஏமாற்றுக்காரன், அதிகாரியைப்போல நடித்தவன்.

வரையறையின் மற்ற உறுப்புகளும் ஆளின் உள்ளத்தைச் சுற்றியே வருகின்றன: நேர்மையற்ற எண்ணம், வஞ்சக நோக்கம், வேண்டுமென்றே தூண்டுதல். உள்ளத்தில் வஞ்சகமில்லாமல், விதிப்படி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவன் இந்த வலையில் சிக்கமாட்டான். 420 தேசத்தின் எல்லா மொழிகளிலும் வசவாயிற்று. 1955இல் ராஜ் கபூர் அதைப் படத்தின் பெயரில் வைத்தார். 2024 ஜூலை முதல் அந்தச் சட்டமே மாறி, புதிய சன்ஹிதையில் ஏமாற்று 318ஆவது பிரிவுக்குப் போய்விட்டது. எஸ்சீட் அரசியல் சாசனத்தின் 296ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது.

5

நம் சொற்களுக்கு வருகிறேன். 'சூது', இங்கிலீஷ்க்காரன் போன பாதையிலேயே வந்திருக்கிறது. குறளில் அது ஆட்டம். இன்று 'சூதுவாது தெரியாதவன்' என்னும்போது ஆட்டம் மறைந்து வஞ்சகம் மட்டும் நிற்கிறது. மண்ணாசையால் படையெடுப்பதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் வஞ்சி. வஞ்சித்தலோடு அதற்குச் சம்பந்தம் ஒலியில் மட்டும்தான். அதன்மேல் மாளிகை கட்ட ஆசைப்படுகிறவர்கள் நம்மிடம் குறைவில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

'ஏமாற்று' வேறு ரகம். மாறு, மாற்று, ஏமாறு, ஏமாற்று. அதாவது அடிப்படை வினை ஏமாறியவனுடையது. ஏமாற்றியவனின் வினை அதிலிருந்து பிறந்தது. ஏமாளி என்று பட்டம் கட்டுவதும் இழந்தவனுக்கே. தமிழில் குற்றம் தொடங்குவது கவனமில்லாதவனிடம். இங்கிலீஷ்ச் சொல்லில் எடுத்தவனின் உத்தியோகப் பெயர் புதைந்து கிடக்கிறது. நம் சொல்லில் கொடுத்தவனின் அசட்டுத்தனம். இந்த இலக்கணத்துக்கு நாமும் பழகிப்போயிருக்கிறோம். நம் பத்திரிகைகளில் 'போலி', 'இலக்கிய மோசடி' என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும்போதெல்லாம் எதிராளியின் உள்ளத்தைத்தான் தோண்டுகிறோம். அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை விட்டுவிடுகிறோம்.

சர்க்கார் நம்மிடம் எடுத்துக்கொண்டதற்கும் சொற்கள் இருந்தன. பாரசீக, அரபு வேரிலிருந்து கச்சேரிகள் வழியாக வந்தவை: ஜப்தி, வசூல், மாமூல். ஜப்தி இன்றும் பயமுறுத்துகிறது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. வசூல் கொஞ்சம் சரிந்திருக்கிறது. 'வசூல் பண்ணுகிறான்' என்றால் ரசீது கிடைக்காது. எஸ்சீட்டின் உண்மையான பங்காளி மாமூல்தான். 'வழக்கமானது' என்று பொருள். வழக்கமாகச் செலுத்தவேண்டியது என்ற நிலையிலிருந்து, நடைபாதைக் கடைக்காரன் சீருடைக்காரனுக்குக் கொடுக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. எஸ்சீட் போன வழியில் பாதி தூரம்.

மீதிப் பாதியை அது போகவில்லை. யாரும் மாமூலை வசவாகப் பயன்படுத்துவதில்லை. புயலோ கலவரமோ ஓய்ந்த மறுநாள் தினசரிகள் எழுதுகிற வாக்கியம் நமக்கு மனப்பாடம்: மாமூல் வாழ்க்கை திரும்பியது. கடைகள் திறக்கின்றன, பஸ் ஓடுகிறது, கடைக்காரன் மாமூலை எடுத்துத் தனியாக வைக்கிறான். இரண்டுக்கும் ஒரே சொல்.